புதிதாய்ப் பூட்டிய கணினியில் பணிசெயல் முறைமையை நிறுவுதல்

சென்ற அத்தியாயத்தின் முடிவில் பாகங்கள் யாவும் ஒழுங்காகப் பூட்டப்பெற்று உங்கள் மேசைமீது நிற்கும் கணினி, மின்சாரம் கொடுத்தவுடன் விசிறிகளைச் சுழற்றவும் விளக்குகளை எரிக்கவும் வல்லதாயினும், ஒரு கடிதம் எழுதவோ பிள்ளைகளின் பாடக்குறிப்பைத் திறக்கவோ இன்னும் வல்லதாகவில்லை. வன்பொருளுக்கும் நாம் இடும் ஏவலுக்கும் நடுவே நின்று காரியங்களை நடத்துவதாகிய பணிசெயல் முறைமை, கடைகளில் ‘ஓஎஸ்’ என்று கேட்கப்படுவது, அதில் இன்னும் எழுதப்படாமையே காரணம். அதனை நீங்களே நிறுவும் வகையை இவ்வத்தியாயம் கூறும்.

தொடங்குமுன் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இவ்வேலையின் படிகள் பலவாயினும், அவற்றுள் மீளப்பெற முடியாத படி ஒன்றே ஒன்றுதான். அது தட்டை அழித்து எழுதுமாறு கணினிக்கு நாம் கட்டளையிடும் படி. மற்றவற்றில் பிழை நேர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து செய்துகொள்ளலாம். நேரம் போவதன்றி வேறு நட்டம் இல்லை. ஆகவே கீழ்வரும் ஆயத்தங்கள் அனைத்தையும் அந்த ஒரு படியில் கை தவறாதிருப்பதற்கான பாதுகாப்பெனக் கொண்டு, வரிசை மாறாமல், சாவகாசமாகச் செய்து வாருங்கள்.

எந்த முறைமையைத் தெரிவது?

இந்நூலில் உபுண்டு லினக்ஸின் 24.04 பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். விலை கொடாமலும் உரிமத்தை மீறாமலும் எவரும் பெறத்தக்கது என்பதும், 2024 ஏப்ரலில் வெளியாகி 5 ஆண்டுக் காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்பெறுவது என்பதும், தமிழ் எழுத்துருக்களும் தமிழ்ச் சாவிப்பலகைகளும் அதில் எளிதில் அமைவன என்பதும் இத்தெரிவுக்குக் காரணங்களாம். இத்தகைய நீடித்த ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏப்ரலில் வெளிவருவதால், நீங்கள் இதைப் படிக்குங்கால் புதியதொன்று வந்திருப்பின் அதையே கொள்ளலாம். படிகள் பெரிதும் மாறமாட்டா. குறைந்த அளவு 4 ஜிபி றாமும் 25 ஜிபி தட்டு இடமும் வேண்டும். 8 ஜிபி றாம் இருப்பின் வேலை தடையின்றி நடக்கும்.

‘கிராக்’ செய்யப்பட்ட விண்டோஸை எவரேனும் இலவசமாகப் போட்டுத்தர முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். பூட்டை உடைக்க அதனுள் நுழைத்த நிரல், உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைக் களவாடும் நிரலையும் உடன் கொண்டுவந்திருக்கக் கூடும்; அதைக் கண்டறியும் வழி சாதாரண உபயோகிப்பாளருக்கு இல்லை.

ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியவை

1. 8 ஜிபிக்குக் குறையாத பென்ட்ரைவ் ஒன்று. அதில் உள்ளவை யாவும் அழியுமாதலால், வெறுமையானதைத் தெரிக.
2. இணையத்தொடர்புள்ள வேறொரு கணினி. அயல் வீட்டாருடையதோ பாடசாலையுடையதோ ஆகலாம்.
3. கம்பியில் இணையும் சாவிப்பலகையும் சுட்டியும். கம்பியில்லாதவை முதற்கட்டத்தில் சிலவேளை உணரப்படுவதில்லை.
4. ரவுட்டரிலிருந்து கணினிக்கு எட்டும் நெட்வேர்க் வயர். புதிய மதர்போட்டின் வைஃபை முதல் நாளிலேயே வேலை செய்யும் என்பது நிச்சயமில்லை.
5. ஒரு தாளும் பேனையும். மதர்போட்டின் பெயர், தட்டுகளின் பெயரும் கொள்ளளவும், நீங்கள் மாற்றிய அமைப்புகள் ஆகியவற்றைச் செய்யச் செய்ய எழுதுக.

மின்சாரமும் மழையும்: பாதுகாப்பு

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் நிலத்தில் உப்புக் காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலோ பின்னேரத்து இடிமின்னலும், அதனைத் தொடர்ந்து மார்கழி, தை வரையில் வாடைக்காற்றோடு வரும் பெருமழையும் உண்டு. இவை கணினிக்கு விளைக்கும் கெடுதிகள் யாவும் முன்யோசனையால் தவிர்க்கத்தக்கவை.

6. கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலிலோ குளிரூட்டிய பஸ்ஸிலோ பாகங்களைக் கொண்டுவந்திருப்பின், பெட்டிகளைத் திறவாமல் சில மணி நேரம் வீட்டின் வெப்பத்திற்கு வரவிடுங்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் நம்மூர் ஈரக்காற்று நீர்த்துளியாய்ப் படியும். அத்துளி உலருமுன் மின்சாரம் பாய்ந்தால் பாகம் பழுதாகும்.
7. நில இணைப்புள்ள மூன்று கால் பிளக்கையே உபயோகியுங்கள். சுவரின் நிலத்துளையில் பேனை மூடியைச் செருகி, இரண்டு கால் பிளக்கை அமுக்கி நுழைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கணினியின் உலோகப் பெட்டியில் மின் கசிந்தால் ‘ட்ரிப் சுவிட்ச்’ விழுந்து உயிரைக் காப்பதற்கு அந்த மூன்றாவது கம்பியே உறுதுணையாதலால், இவ்வழக்கத்தை அறவே விடுங்கள்.
8. நிறுவும்போது கரண்ட் போய்விடின் பாதி எழுதிய தட்டோடு முதலிலிருந்து தொடங்க நேரும். யூபிஎஸ் இருப்பின் அதன் கையேடு கூறும் நேரம்வரை முதல் நாளே சார்ஜ் ஏற்றி, கணினியையும் திரையையும் மட்டும் அதில் இணையுங்கள். யூபிஎஸ் இல்லையேல் மின்வெட்டு அறிவிக்கப்படாத, மழைக்குறியற்ற காலைப்பொழுதைத் தெரியுங்கள்.
9. இடி முழங்கத் தொடங்கினால், எவ்வேலையானாலும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றுவதோடு ரவுட்டர் வயரையும் கணினியிலிருந்து கழற்றுங்கள். மின்கம்பி வழியே அன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்னல் உட்புகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.
10. மின்வழங்கிப் பெட்டியை, அதாவது ‘பவர் சப்ளை’யை, எக்காரணங்கொண்டும் திறவாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே உயர்ந்த மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

நிறுவற்கோப்பை இறக்கிப் பென்ட்ரைவில் எழுதுதல்

11. உபுண்டுவின் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலிருந்தே ‘ஐஎஸ்ஓ’ கோப்பை இறக்குங்கள். அது சுமார் 6 ஜிபி அளவினதாகையால், இரவு நேரத் தரவு தனியே வழங்கப்படும் பொதி உங்களிடம் இருப்பின், படுக்கைக்குப் போகுமுன் தொடங்கிவைப்பது சிக்கனம். 24.04 என்பதன் பின் இன்னொரு புள்ளியும் எண்ணும் உள்ள கோப்புகளுள் கடைசி எண்ணுடையதை எடுத்தால், புதிய மதர்போட்டுகளுக்கு அனுகூலமாகும்.
12. கோப்பைச் சரிபாருங்கள். இணையத்தளத்தில் ‘எஸ்எச்ஏ256’ என்ற தலைப்பில் 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் கோவை தரப்பட்டிருக்கும். விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் என்னும் சிறு செயலியைத் திறந்து, கோப்பைத் தெரிந்து, அருகிலுள்ள சரி அடையாளப் பொத்தானை அழுத்தினால் அது தானே கணித்த கோவையைக் காட்டும். இரண்டும் ஒவ்வோர் எழுத்தும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று வேறுபடினும் அக்கோப்பை விலக்கி மறுபடி இறக்குங்கள். தளர்ந்த இணைப்பில் பலமுறை அறுந்து தொடர்ந்த இறக்கத்தில் பிழை நேர்வது அரிதன்று.
13. ரூஃபஸிலேயே பென்ட்ரைவைத் தெரிந்து, ‘ஜிபிடி’, ‘யூஈஎஃப்ஐ’ என்ற அமைப்புகளை வைத்து எழுதத் தொடங்குங்கள். எழுதுமுறை எது என்று கேட்டால் அது பரிந்துரைப்பதையே ஏற்றுக்கொள்க.

குறிப்பு: பென்ட்ரைவைத் தெரியுமுன், அக்கணினியில் செருகியுள்ள வேறு பென்ட்ரைவுகளையும் வெளித்தட்டுகளையும் கழற்றிவிடுங்கள். பிறருடைய கணினியில் செய்வதானால் இது மும்மடங்கு முக்கியம்.

முதன்முறை இயக்குதல்

14. திரையின் வயரைச் சரியான துளையில் இணையுங்கள். தனி கிராபிக்ஸ் கார்ட் பூட்டியிருந்தால் அந்தக் கார்ட்டின் துளையிலேயே செருக வேண்டும். பெயரின் ஈற்றில் ‘எஃப்’ என்ற எழுத்துள்ள இன்டெல் புரொசஸர்களுக்குச் சொந்தக் காட்சியமைப்பு இல்லையாதலால், மதர்போட்டுத் துளையில் செருகினால் திரை கறுத்தே நிற்கும்.
15. சுவிட்சைப் போட்டுப் பொறுத்திருங்கள். டிடிஆர்5 றாம் பூட்டிய கணினி முதன்முறை அதனைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை வரவில்லையென்று அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்துவது பெரும்பிழை.
16. விசையை அழுத்தியது முதல் ‘டிலீட்’ அல்லது ‘எஃப்2’ சாவியை விட்டுவிட்டுத் தட்டினால் யூஈஎஃப்ஐ அமைப்புத் திரை, பழைய பெயரால் ‘பயோஸ்’, திறக்கும். அங்கே நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பூட்டிய றாம் முழுவதும் காட்டப்படுகிறதா, தட்டின் பெயர் தெரிகிறதா, திகதியும் நேரமும் சரியா, புரொசஸரின் வெப்பம் அடங்கி நிற்கிறதா. நம் பிரதேசத்து வெம்மையில் 35 முதல் 55 பாகை வரை காட்டுவது பற்றிக் கவலை வேண்டாம். கண்முன்னே ஏறி 80ஐக் கடந்தால் உடனே நிறுத்துங்கள். குளிர்விப்பானின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருப்பீர்கள், அல்லது அதன் ஆணிகள் சமமாக இறுகியிரா.
17. தட்டின் அமைப்பு ‘ரெய்ட்’ என்றிருந்தால் ‘ஏஎச்சிஐ’ ஆக மாற்றுங்கள். றாமின் வேகத்தை உயர்த்தும் ‘எக்ஸ்எம்பி’, ‘எக்ஸ்போ’ அமைப்புகளை நிறுவல் முடியும்வரை தொடாதீர்கள். மாற்றிய ஒவ்வொன்றையும் தாளில் குறித்து, சேமித்து வெளியேறுங்கள்.

திரை வராவிடின்: மதர்போட்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கு சிறு விளக்குகள் இருக்கலாம், எது அணையாமல் நிற்கிறதோ அப்பகுதியே குற்றமுடையது. டிராம் விளக்கு நின்றால், மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, றாமைக் கழற்றி ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். நான்கு துளைகளுள்ள மதர்போட்டில் இரண்டு றாம்கள் பூட்டுவதானால், புரொசஸரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் துளைகளே பெரும்பாலும் உரியன. கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்க.

நிறுவாமலே பரீட்சித்தல்

புதுத் தோணியை வாவியின் ஆழத்திற்குக் கொண்டுபோகுமுன் கரையோரத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கசிவு பார்ப்பதுபோல, உபுண்டுவைத் தட்டில் எழுதாமலே பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. இதைப் பலர் நேரவிரயமென்று தாண்டிச் செல்கின்றனர். குறையுள்ள பாகத்தை உத்தரவாதக் காலத்தின் முதல் நாளிலேயே அறிந்து கடையில் திருப்பிக் கொடுக்க இதனினும் சிறந்த சந்தர்ப்பம் இல்லை.

18. பென்ட்ரைவைச் செருகி இயக்கி, துவக்கப் பட்டியலைத் திறக்கும் சாவியைத் தட்டுங்கள். ஏசுஸ் மதர்போட்டுகளில் பொதுவாக அது ‘எஃப்8’, எம்எஸ்ஐ, ஏஸ்ரொக் இரண்டிலும் ‘எஃப்11’, கிகாபைட்டில் ‘எஃப்12’. பட்டியலில் பென்ட்ரைவின் பெயருக்கு முன் ‘யூஈஎஃப்ஐ’ என்றிருப்பதைத் தெரிந்து, உபுண்டுவைப் பரீட்சிக்கும் அல்லது நிறுவும் முதல் வரியில் என்டர் தட்டுங்கள்.
19. பரீட்சிக்கும் தெரிவை எடுத்து, ஓசை, வைஃபை, கம்பி இணைப்பு, யூஎஸ்பி துளைகள் ஒவ்வொன்று, திரையின் தெளிவு ஆகியவற்றைச் சோதியுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டும் கணினி தானே அணையாமலும் உறையாமலும் இருந்தால் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம்.

நிறுவுதல்

20. முதலில் கணினியை அணைத்து, புதிய தட்டு ஒன்றைத் தவிர மற்றெல்லாத் தட்டுகளின் வயர்களையும் கழற்றுங்கள். பழைய கணினியிலிருந்து எடுத்த வன்தட்டைப் புதிய பெட்டியில் பூட்டியிருப்போருக்கு இவ்வத்தியாயத்தின் பிரதான உபதேசம் இதுவே. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது, நாவலடியிலும் கல்லடியிலும் கரையோர வீடுகளோடு கலியாணப் படங்களும் பிள்ளைகளின் படங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் போயின. எஞ்சியவற்றை உறவினரிடம் தேடிப் பெற்று, ஸ்கான் செய்து பழைய வன்தட்டில் வைத்திருக்கும் வீட்டார்க்கு அத்தட்டின் மதிப்பைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. கழற்றப்பட்ட தட்டை எந்தத் தவறான சொடுக்கும் அழிக்க இயலாது.
21. மீண்டும் பென்ட்ரைவிலிருந்து இயக்கி, நிறுவும் தெரிவை எடுங்கள். மொழியை இப்போதைக்கு ஆங்கிலமாகவே வைப்பது நலம். இடையில் பிழைச்செய்தி வரின் அதைப் பிறரிடம் காட்டி உதவி பெறுவது எளிதாகும். தமிழை நிறுவிய பின் சேர்ப்போம்.
22. சாவிப்பலகை, இணைய இணைப்பு ஆகியன முறையே கேட்கப்படும். கூடுதல் வன்பொருள் இயக்கிகளையும் ஒலி, ஒளிக் கோப்பு வகைகளையும் நிறுவுவதா என்ற கேள்விக்கு இரண்டையும் தெரிக.
23. நிறுவல் வகையைக் கேட்குமிடத்தில் கையைச் சாவிப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, தாளைப் பாருங்கள். ‘தட்டை அழித்து உபுண்டுவை நிறுவுக’ என்னும் பொருளுள்ள தெரிவை எடுத்தபின், காட்டப்படும் தட்டின் பெயரும் கொள்ளளவும் நீங்கள் எழுதிவைத்தவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று வாய்விட்டு வாசியுங்கள். 500 ஜிபி என்று விற்கப்பட்ட தட்டு 465 அளவினதாகக் காட்டப்படலாம். கணக்கிடும் முறையின் வேறுபாடே அது.
24. பெயர், உபயோகிப்பாளர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலும் எண்களிலும் கொடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அத்தாளைக் கணினியின் அருகில் வையாமல் பத்திரப்படுத்துங்கள்.
25. நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரியுங்கள். 5:30 மணி வித்தியாசமுள்ள இந்திய நகரமொன்றைத் தெரிந்தாலும் கடிகாரம் சரியாகவே ஓடும்; ஆயினும் இலங்கையின் நேரம் 1996இல் முன்னே தள்ளப்பட்டு 2006 ஏப்ரலில் பழையபடி மாற்றப்பட்டதாகையால், அக்காலத்துப் படங்களின் நேரத்தைச் சரியாகக் கணிக்கக் கொழும்பு வலயமே அறியும்.
26. இறுதிச் சுருக்கத்தை மறுபடியும் வாசித்து, நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். எஸ்எஸ்டி தட்டாயின் பெரும்பாலும் அரை மணிக்குள் முடியும். முடிந்ததும் பென்ட்ரைவைக் கழற்றச் சொல்லும். கழற்றி என்டர் தட்டுங்கள்.

குறிப்பு: என்விடியா கார்ட் உள்ளவர்களுக்கு, மறு இயக்கத்தின்போது ‘எம்ஓகே’ என்ற தலைப்புடன் ஒரு நீலத்திரை தோன்றக்கூடும். அஞ்ச வேண்டாம். ‘என்றோல்’ என்று தொடங்கும் வரியைத் தெரிந்து, நிறுவும்போது அதற்கெனக் கொடுத்த கடவுச்சொல்லை இடுங்கள். கவனியாது தாண்டினால் அக்கார்ட்டின் இயக்கி வேலை செய்யாது.

நிறுவிய பின்: இற்றைப்படுத்தலும் தமிழும்

27. வேறெதையும் செய்யுமுன் ‘சொஃப்ட்வெயார் அப்டேற்றர்’ செயலியைத் திறந்து, கிடைக்கும் திருத்தங்கள் யாவற்றையும் இறக்கி, கணினியை மறுபடி இயக்குங்கள்.
28. அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதியில் பிரதேசமும் மொழியும் என்ற பிரிவினுள், நிறுவப்பட்ட மொழிகளை நிர்வகிக்கும் பொத்தான் உண்டு. அங்கே தமிழைச் சேர்த்தால், விரும்புவோர் பட்டியல்களையும் தமிழில் காணலாம்.
29. மென்பொருட் களஞ்சியத்திலிருந்து ‘ஐபஸ்-எம்17என்’ என்ற பொதியை நிறுவி, வெளியேறி மறுபடி உள்நுழைந்து, சாவிப்பலகை அமைப்பில் தமிழ் உள்ளீட்டைச் சேருங்கள். இலங்கைத் தர நிர்ணயமான எஸ்எல்எஸ் 1326இல் இடம்பெற்ற ரெங்கநாதன் சாவிப்பலகையும், தமிழ்நாட்டில் 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99உம், ஒலிப்பு முறைத் தட்டச்சும் அங்கே உண்டு. பழகிய ஒன்றைக் கொள்க. விண்டோஸ் சின்னமுள்ள சாவியையும் இடைவெளிச் சாவியையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.
30. நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பல்லாண்டு வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கடிதங்களைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருவை நிறுவினால் எழுத்துத் தெரியும். மாற்றிச் செயலியால் யூனிகோடாக்கி வைத்தால் இனி எக்கணினியிலும் வாசிக்கலாம்.
31. தமிழ் சரியாகத் தெரிகிறதா என்பதைச் சோதிக்க, 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் தளத்தைத் திறந்து பாருங்கள். கொம்புகளும் உயிர்மெய்களும் உரிய ஸ்தானத்தில் நின்றால் வேலை சரி.
32. இப்போதே, கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பழைய வன்தட்டின் வயரை மீண்டும் பூட்டுங்கள்.

வழமையாக நேரும் தவறுகள்

• பென்ட்ரைவைக் கழற்றாமல் மறுபடி இயக்கி, நிறுவல் திரை மீண்டும் வரக்கண்டு, நிறுவல் தோல்வியுற்றதென எண்ணி இரண்டாம் முறை தொடங்குதல்.

• ஐஎஸ்ஓ கோப்பைப் பென்ட்ரைவிற்குச் சாதாரணமாகப் பிரதியெடுத்து வைத்துவிட்டு, கணினி அதை ஏற்கவில்லையென வருந்துதல். எழுதுவதற்கு ரூஃபஸ் போன்ற செயலி அவசியம்.

• நிறுவல் நடக்கும்போது திரை சிறிது நேரம் அசையாததைக் கண்டு மின்சாரத்தை நிறுத்துதல். பெட்டியிலுள்ள தட்டு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

• புதிய தட்டு வந்த மகிழ்ச்சியில் பழைய தட்டை அன்றே அழித்தல். ஒரு மாதமேனும் அப்படியே வைத்திருங்கள்.

விண்டோஸ் தேவைப்படுவோர்க்கு

கணக்கியல் மென்பொருள் முதலியவற்றுக்காக விண்டோஸை வேண்டுவோர் 11ஆம் பதிப்பையே நிறுவுக. 10ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்துவிட்டது. 4 ஜிபி றாம், 64 ஜிபி இடம் என்பவற்றோடு ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்பு அமைப்பும் அதற்கு வேண்டும். புதிய மதர்போட்டுகளில் அது இன்டெலாயின் ‘பிடிடி’ என்றும் ஏஎம்டியாயின் ‘எஃப்டிபிஎம்’ என்றும் யூஈஎஃப்ஐ திரையில் காணப்படும், அணைந்திருந்தால் இயக்குங்கள். மற்றபடி 6 முதல் 20 வரையுள்ள ஆயத்தங்கள் யாவும், கோப்பைப் பெறும் தளத்தைத் தவிர, இதற்கும் பொருந்தும். பரீட்சிக்கும் கட்டத்தை மட்டும் உபுண்டு பென்ட்ரைவால் செய்துகொள்க.

முடிவாகச் செய்ய வேண்டியது

கணினி இயங்கத் தொடங்கிய அன்றைக்கே, உங்கள் படங்களுக்கும் பத்திரங்களுக்கும் மூன்று பிரதிகள் இருக்குமாறு செய்யுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று தனியே கழற்றி வைக்கும் வெளித்தட்டில், ஒன்று வேறிடத்தில். அந்த மூன்றாவது பிரதி உங்கள் வீட்டில் இருக்கலாகாது. கரையோரத்தில் வசிப்பவர் ஏறாவூரிலோ செங்கலடியிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு தட்டைக் கொடுத்துவைத்து, மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்துக்கொள்வாராயின், வெள்ளமோ மின்னலோ ஒரு வீட்டை வருத்தினும் மற்றவீட்டுப் பிரதி எஞ்சும்.

பின்னர், நீங்கள் எழுதிய தாளில் நிறுவிய திகதியையும் பதிப்பின் எண்ணையும் சேர்த்து, மடித்து, பென்ட்ரைவோடு ஒரு கடித உறையில் இட்டு, உறையின்மேல் கணினியின் பெயரை எழுதி அலுமாரியில் வையுங்கள். இதே கணினியை மறுபடி நிறுவ வேண்டிய நாள் ஒன்று வராமற்போகாது. அன்று அந்த உறையும் இந்த வரிசையும் இருந்தால், கடைக்காரர் வரும்வரை காத்திராமல், நீங்களோ உங்கள் பிள்ளையோ ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்துவிடலாம்.